கேள்வி – பதில்: உச்சிக்குப் போன கொடி ஏன் விரிய மறுக்கிறது?

கேள்வி: விழாவில் கயிற்றை எவ்வளவு இழுத்தும் தேசியக் கொடி விரியவில்லை. எதனால்? – பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: பெரும்பாலும் முடிச்சுதான் காரணம். கொடியின் கம்பப் பக்க ஓரத்தில் கெட்டித் துணியைப் பட்டையாகத் தைத்து, அதற்குள் கயிறு விட்டிருப்பார்கள். மேல்முனையில் சின்ன மரக்கட்டை, கீழ்முனையில் கயிறு. கம்பத்துக் கயிற்றின் கண்ணியில் கட்டையை மாட்டி, மறுமுனையைக் கீழ்க்கயிற்றோடு கட்ட வேண்டும். கட்டை இருக்கும் பக்கம் காவி இருக்கிறதா என்று சுருட்டுவதற்கு முன்பே பாருங்கள். தலைகீழாக ஏறுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

கொடியை நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, பறக்கும் முனையிலிருந்து கம்பப் பக்கமாகச் சுருட்டுங்கள். கீழே இறங்கும் கயிற்றால் சுருளை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றை வளையமாக மடித்து அந்தச் சுற்றுக்குள் செருகுங்கள். வளையம் மட்டும்தான் உள்ளே போக வேண்டும். நுனியையே நுழைத்துவிட்டால் முடிச்சு விழுந்துவிடும். இழுக்க இழுக்க இறுகும்.

ஏற்றும்போது ஒரு கயிறுதான் வேலை செய்ய வேண்டும், மற்றது தளர்ந்தே வரவேண்டும். அதை யாராவது பிடித்து இழுத்தால் கொடி பாதி வழியில் அவிழ்ந்துவிடும். உச்சிக்குப் போனதும் ஏற்றிய கயிற்றைக் கொண்டியில் இறுகக் கட்டிவிட்டு, பிறகு மற்றதைச் சுண்டி இழுங்கள். கட்டாமல் இழுத்தால் கொடி விரியாது, மூட்டையாகக் கீழே இறங்கும்.

குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாள்களில் உள்ளே பூவிதழ் வைக்க விதி இடம் தருகிறது. உதிர்த்த, ஈரமில்லாத இதழ் ஒரு கைப்பிடி போதும். ஈர இதழ் துணியில் ஒட்டிக் கறை போடும், முழுப் பூ மடிப்பை அடைக்கும். விழாவுக்கு முன் ஒருமுறை ஏற்றி, விரித்துப் பார்த்துவிடுங்கள். இந்த ஒத்திகையை எந்தப் பள்ளியும் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: அரைக்கம்பத்தில் பறக்கவிட, பாதி வரை ஏற்றி நிறுத்தினால் போதுமா?

பதில்: போதாது. முதலில் உச்சி வரை ஏற்றி, அதன்பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும். சாதாரண நாளிலும் ஏற்றுவது விறுவிறுப்பாகவும், இறக்குவது நிதானமாகவும் இருக்க வேண்டும் என்பதே கொடி விதி.

கேள்வி: வீட்டில் இரவிலும் பறக்கவிடலாமா? பாலியஸ்டர் கொடி செல்லுமா?

பதில்: இரண்டும் செல்லும். பாலியஸ்டருக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் 2021 டிசம்பர் திருத்தம் அனுமதி தந்தது. இரவில் பறக்கவிட 2022 ஜூலைத் திருத்தம். எந்த அளவானாலும் நீள அகலம் 3:2 ஆக இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாக மாட்டினால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வரவேண்டும்.

கேள்வி: கழற்றிய கொடியை எப்படி மடிப்பது? கிழிந்ததை என்ன செய்வது?

பதில்: கிடையாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு இரு பக்கமும் உள்ளே மடித்தால் சக்கரமும், காவி, பச்சையில் கொஞ்சமும் மட்டும் மேலே தெரியும். உள்ளங்கையிலோ முன்கையிலோ ஏந்திப் போய் வையுங்கள். ஈரக் கொடியை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். கிழிந்தோ நைந்தோ போனதைப் பறக்கவிடக் கூடாது. துண்டாக்கவோ துடைக்கும் துணியாக்கவோ கூடாது. தனியிடத்தில், முழுதாக, எரித்துவிடுவதே விதி சொல்லும் சிறந்த வழி.