சித்திரை விடுமுறைக்கு ஓலைப் பொம்மைகள்: கேட்டதும் சொன்னதும்

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் பிறந்தவள் நான். அம்மாவிடம் ஓலை முடையக் கற்றேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் என்ன செய்து கொடுக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இது நுங்கு வெட்டும் காலம், குருத்தோலை ஞாயிறும் இதை ஒட்டியே வரும். அதனால் பனையிலேயே நிற்கிறேன். காகிதப் பூ, களிமண் எல்லாம் எனக்குத் தெரியாது.

முடைந்த பெட்டி நான்கே நாளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஏன் அக்கா? (மதுரை)

பச்சை ஓலையில் முடைந்திருப்பீர்கள். பச்சை ஓலை காயக் காயச் சுருங்கும். நீங்கள் இறுக்கி முடைந்த இடமெல்லாம் இடைவெளி விழும். குருத்தோலையை விரித்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள், வெளிறி வெள்ளையாகும். ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்துக்குக் கிழித்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். முடைய உட்காருமுன் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி அரைமணி நேரம் வையுங்கள். வளைத்தால் ஒடியாமல் வளைந்தால் பதம் சரி. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், மறுபடி உப்பி மறுபடி சுருங்கும். முடைந்ததை ஒருநாள் நிழலில் காயவிட்டு எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை கறுப்புப் புள்ளியாக வரும்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். ஓலையின் வழவழப்பில் சரியாகப் பிடிக்காது. நுனியை அடுத்த பின்னலுக்குள் செருகினால் போதும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு எளிதாக ஒன்று? (தஞ்சாவூர்)

காற்றாடி. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஓலைத் துண்டு. சரியாக நடுவில் உடைமுள்ளால் ஒரு துளை போட்டு, முள்ளை நாலைந்து தடவை சுழற்றித் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். துளை இறுக்கமாக இருந்தால் எவ்வளவு ஓடினாலும் சுற்றாது. அதே முள்ளைக் காய்ந்த சோளத்தட்டையின் நுனியில் குத்துங்கள். உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதால் பிடித்துக்கொள்ளும்.

இனிதான் சூட்சுமம். ஓலையைப் படுக்கைவாட்டில் பிடித்து, இடது நுனியின் மேல்விளிம்பை உங்களைப் பார்த்து முறுக்குங்கள். வலது நுனியில் கீழ்விளிம்பை உங்களைப் பார்த்து முறுக்குங்கள். இரண்டிலும் மேல்விளிம்பையே முறுக்கினால் ஒரு பக்கம் தள்ளுவதை மறுபக்கம் தடுக்கும், காற்றாடி சும்மா நிற்கும். முள்ளின் கூர்நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

கிலுகிலுப்பைக்குள் குன்றிமணி போடலாமா? அழகாகச் சத்தம் வருமே.

கூடவே கூடாது. குன்றிமணி விஷம். கிலுகிலுப்பையைப் பிள்ளை வாயில் வைத்துக் கடிக்கும், பின்னல் பிரியும். புளியங்கொட்டை போடுங்கள். அதையும் கைக்குழந்தையிடம் தனியே விடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஓலை எங்கே கிடைக்கும்? (கோவை)

நுங்கு விற்பவரிடம் சொல்லி வையுங்கள். மரம் ஏறுகிறவரே ஒரு ஓலை இறக்கித் தருவார். நீங்களாக வெட்டப் போகாதீர்கள். மட்டையின் இரண்டு விளிம்பிலும் இருக்கும் கருக்கு ரம்பம் மாதிரி, கையை அறுத்துவிடும். இன்னொன்று, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கேட்காதீர்கள். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் இருக்கும் ஒரே முளை பட்டால் மரமே போச்சு. காய்ப்புக்கு வரவே பத்துப் பதினைந்து வருடம் எடுக்கிற மரம் அது.

குருத்தோலைச் சிலுவை தென்னையில் செய்தால்தான் நன்றாக வரும். பனை எதற்கு? (நாகர்கோவில்)

மடிக்கத் தென்னை இலகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் பழுத்துச் சுருளும். பனையில் செய்த சிலுவை அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அன்றைக்குப் பூசும் சாம்பலே பழைய குருத்தோலையை எரித்ததுதானே, கோயிலில் கேட்கும்போது திருப்பிக் கொடுங்கள்.

போலந்தில் இருக்கிறோம். இங்கே பனைக்கு எங்கே போவது?

அங்கே குருத்தோலை ஞாயிறுக்கு வில்லோ மரத்தின் பூங்கிளையைத்தானே பிடிக்கிறார்கள், நீங்களும் பிடியுங்கள். பின்னல் பழகப் பரிசுப்பொட்டலத்து ரிப்பன் போதும்.

ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடுவது எப்படி?

பேக்கரிக்காரரைக் கேளுங்கள்.

ஓலைக்குப் பீட்ரூட் சாயம் ஏற்றலாமா?

ஏறும், வெயிலில் வெளுக்கும். சாயம் வேண்டாம், ஓலை நிறமே அழகு.

நுங்கு வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது, ஒரு பக்கமாகவே இழுக்கிறது. (விழுப்புரம்)

அருமையான கேள்வி. சக்கரமாக வைத்த இரண்டு கோந்தையும், அதாவது நுங்கு எடுத்த காயும், ஒரே அளவு இல்லை. நடுக்குச்சியை இரண்டிலும் இறுக்கிக் குத்தியிருப்பதால் இரண்டும் சேர்ந்தேதான் சுற்றும். ஒரு சுற்றுக்குப் பெரியது அதிக தூரம் போகும், சின்னது குறைவாகப் போகும், வண்டி சின்னதின் பக்கம் திரும்பும். ஒரே குலையில் ஒரே பருமனாக இரண்டு பார்த்து எடுங்கள். நுங்கு தோண்டிய கண் வெளியே பார்க்கட்டும். நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பை நடுக்குச்சி மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான்.

கண் உள்ளேதான் பார்க்கணும். சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். (விருதுநகர்)

ஓட்டியிருப்பீர்கள். கண் உள்ளே இருந்தால் கவை அந்த விளிம்பில் உரசும், மண்ணும் சேரும்.

கவை அகலமாக இருந்தால்தான் உரசும். அப்புறம், அது கோந்தை இல்லை, கூந்தல். (மறுபடி விருதுநகர்)

கவை குறுகலாக இருந்தால் வளைவில் திருப்ப முடியாது, தம்பி. பேர் ஊருக்கு ஊர் மாறும், அதில் நான் சண்டைக்கு வரவில்லை.

நான் விருதுநகர்க்காரர் பக்கம். கண் உள்ளே! (ராமநாதபுரம்)

வெளியேதான். அக்கா சொன்னது சரி. (தூத்துக்குடி)

ஊர்ப்பாசம் வேண்டாம். இரண்டையும் செய்து, ஒரே தெருவில் ஒரே பிள்ளையை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் கோந்தை வற்றிக் குச்சி கழன்றுவிடும், அதற்குள் செய்யுங்கள்.

ஓலை ஆன்லைனில் கிடைக்குமா?

மேலே சொல்லியாயிற்று.

ஓலை எங்கே வாங்கலாம், சென்னையில்?

நுங்கு விற்பவரிடம். நுங்கு விற்பவரிடம். கருக்கைத் தொடாதீர்கள்.

க்ளூ கன்னாலாவது ஒட்டலாமா?

செருகுங்கள்.

இப்போதுதான் செய்து பார்த்தோம். கண் உள்ளே வைத்ததுதான் வேகமாகப் போனது! (விருதுநகர்)

இரண்டுக்கும் ஒரே குலைக் கோந்தையா?

இல்லை.

சரி, நுங்கு வாங்கிவிட்டு வாருங்கள்.