குளோபல் டிரஸ்ட் வங்கியைக் கொன்றது யார்?

கேள்வி: குளோபல் டிரஸ்ட் வங்கியில் பங்கு வாங்கி மொத்தமாக இழந்தவன் நான். நன்றாக நடந்துகொண்டிருந்த வங்கியை வதந்தி ஒருபுறமும், ரிசர்வ் வங்கியின் அவசரம் மறுபுறமுமாகக் கொன்றுவிட்டன. ஒரே ராத்திரியில் பணம் எடுக்கத் தடை போட்டது என்ன நியாயம்?

பதில்: உங்கள் இழப்பு உண்மை, கோபமும் நியாயம். ஆனால் "நன்றாக நடந்துகொண்டிருந்த வங்கி" என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1993-ல் தனியார் வங்கிகளுக்குக் கதவு திறந்தபோது முதல் வரிசையில் வந்தது இது. வைஸ்யா வங்கியை நடத்திப் பெயர் வாங்கிய ரமேஷ் கெல்லி செகந்திராபாத்தில் 1994-ல் ஆரம்பித்தார். பங்கு வெளியீட்டுக்குப் பல மடங்கு விண்ணப்பம் குவிந்தது. கணினி, ஏ.டி.எம்., சிரித்த முகத்தோடு சேவை என்று அரசு வங்கிகளில் வரிசையில் நின்று சலித்த நடுத்தர வர்க்கத்தை அப்படியே இழுத்துக்கொண்டது. அந்தச் சேவை நிஜமாகவே நன்றாக இருந்தது. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் பங்கும் வாங்கினீர்கள்.

கெட்டுப்போனது கவுன்டருக்குப் பின்னால். பங்குத் தரகர் கேத்தன் பரேக்கின் குழுமம் உள்ளிட்ட பங்குச்சந்தைப் பெரும்புள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்த கடன், 2001-ல் சந்தை சரிந்ததும் வாராக்கடன் ஆயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் யு.டி.ஐ. வங்கியோடு (இன்றைய ஆக்சிஸ்) இணைப்பு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே பங்கு விலை சந்தேகப்படும்படி ஏறியிருந்ததால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விசாரணையில் இறங்கியது. இணைப்பு முறிந்தது, கெல்லி பதவி விலகினார். சரி, இதெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திதான். நீங்களும் படித்திருப்பீர்கள்.

பத்திரிகையில் வராதது அதற்கு அப்புறம் நடந்தது. 2002 மார்ச் 31 நிலவரப்படி வங்கியின் நிகர மதிப்பு (சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது) சுமார் 400 கோடி ரூபாய் என்று ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதே தேதிக் கணக்கை ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் பார்த்தால் நிகர மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே! ஒரே வங்கி, ஒரே நாள், இரண்டு முடிவுகள். எது சரி என்று பார்க்க வெளியிலிருந்து இன்னொரு ஆடிட்டரை ரிசர்வ் வங்கி நியமித்தது. இவ்வளவும் உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, பங்குச்சந்தையில் இந்த வங்கியின் பங்கை ஜனங்கள் தினமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2003 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கு தாமதமாக வெளிவந்து, 270 கோடிக்கு மேல் நஷ்டம் என்று காட்டியபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. முந்தைய ஆண்டின் அந்த இரண்டு கணக்குக் கதையை ரிசர்வ் வங்கி விளக்கமாகச் சொன்னது 2004 ஜூலையில், தடை போட்ட பிறகு.

ஆகவே 2004 ஜூலை 24 தடையை அவசரம் என்று சொல்லாதீர்கள். அது தாமதம். ஒரு கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற அறிவிப்பு வந்த இரண்டே நாளில் அரசு வங்கியான ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ் இதை ஏற்றுக்கொள்ளும் என்று முடிவாயிற்று. ஆகஸ்ட் 14-ல் இணைப்பும் முடிந்தது. டெபாசிட் போட்ட லட்சக்கணக்கான பேரில் ஒருவருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. அந்த வேகத்துக்காக ரிசர்வ் வங்கியை மனதாரப் பாராட்டுகிறேன். வங்கி நொடித்தால் முதலில் அடிபட வேண்டியது பங்குதாரரின் பணம்தான், டெபாசிட்காரரின் பணம் அல்ல. இந்த விதி உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் சரியான விதி.

ஆனால் லாபத்தில் பங்கும் நஷ்டத்தில் பங்கும் ஏற்பவருக்கு உண்மைக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. அதைத்தான் உங்களுக்கு மறுத்தார்கள். பொய்க் கணக்கு காட்டிய நிர்வாகம், அதில் கையெழுத்திட்ட ஆடிட்டர், தெரிந்தும் வாய் திறக்காத ரிசர்வ் வங்கி என்று மூன்று பேரையும் கேளுங்கள். வெளியே சொன்னால் ஜனங்கள் பணத்தை எடுக்க ஓடிவருவார்கள் என்பது ரிசர்வ் வங்கி எப்போதும் சொல்லும் காரணம். ஆய்வறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தர மறுத்தபோதும் இதையே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2015 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கி காட்டும் வாராக்கடனுக்கும் ஆய்வில் தெரியும் வாராக்கடனுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஆண்டறிக்கையில் சொல்லியே ஆகவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2017-ல்தான் வந்தது. 2019-ல் செபி அதை இன்னும் இறுக்கி, ஆய்வறிக்கை கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் பங்குச்சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்றது. 2002-லேயே இந்த விதி இருந்திருந்தால், பங்கை விற்பதா வைத்திருப்பதா என்று நீங்களே முடிவு செய்திருப்பீர்கள்.