பனி விழும் கார்டு

கேள்வி: கிறிஸ்துமஸ் கார்டுகளை நானே செய்கிறேன். பைன் மரம், குடிசை ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கிறது. பளபள அட்டையில் குத்தினால் மை ஈஷிக்கொள்கிறது, நீலத்தின் மேல் வெள்ளை மை தெரியவே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் பளபள அட்டையை ஓரம் கட்டுங்கள். அது மையை உறிஞ்சாது, அதுவும் டிசம்பர் மழை ஈரத்தில் பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த கெட்டியான ஸ்டாம்ப் மை) லேசில் காயாது. வழவழப்பான, ஆனால் பூச்சில்லாத வெள்ளை அட்டை போதும்.

அப்புறம் பனிக்கு வெள்ளை மை எதற்கு? காகிதத்தின் வெள்ளையே பனி. ஒரு தாளை மேடுபள்ளமாகக் கிழித்து அட்டையின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு, ஸ்பாஞ்சில் நீல மை தொட்டு, வேறு தாளில் ஒருமுறை ஒற்றிய பிறகு, கிழிந்த விளிம்பிலிருந்து மேல்நோக்கி வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். தாளைச் சற்றுக் கீழே நகர்த்தி மறுபடி தேய்த்தால் இன்னொரு பனிமேடு. மரத்தை ஒருமுறை குத்தியதும் மை தொடாமலே பக்கத்தில் இன்னொரு தடவை குத்துங்கள், வெளிறிப்போய் தூரத்து மரமாகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

விழும் பனிக்கு, பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை போஸ்டர் கலரைத் தொட்டு விரலால் தெறிக்க விடுங்கள்.

நீலத்தில் வெள்ளை எழுத்துதான் வேண்டுமென்றால் பிக்மென்ட் மையில் குத்தி, ஈரம் காய்வதற்குள் வெள்ளை எம்பாஸிங் பவுடர் (சூட்டில் உருகி எழுத்தை மேடாக்கும் தூள்) தூவி, மீதியைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் (கடும் சூடான காற்று வீசும் கருவி) உருக்குங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பவுடர்தான் பறக்கும்.

பனியே இல்லாமலும் செய்யலாம், தப்பில்லை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சடிக்க வைத்து விற்ற முதல் கிறிஸ்துமஸ் கார்டிலேயே குடும்பமாக உட்கார்ந்து ஒயின்தான் குடிக்கிறார்கள்!