ஸ்டான்ஃபோர்டா, கார்னகி மெலனா, கார்னெல்லா: எர்லிய எங்க போடறது?

நியூ ஜெர்சியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு 12வது போறா, எல்லாத்துலயும் ஏ, காலேஜ் அட்மிஷன் பரீட்சையான எஸ்ஏடில 1540, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணுங்கறா. அப்பாவுக்கு ஸ்டான்ஃபோர்டு ஆசை, அவளுக்கு கார்னகி மெலன் மேல கண்ணு, தெரிஞ்சவங்க எல்லாம் கார்னெல்ல எர்லி டெசிஷன் போடுங்க, சான்ஸ் ஜாஸ்திங்கறாங்களாம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால எய்டுக்கு (காலேஜ் குடுக்கற பண உதவிக்கு) அப்ளை பண்ற ஐடியா இல்ல, பின்னாடி ஒரு பையன் 10வது படிக்கிறான்.

சான்ஸ் பேச்ச கொஞ்சம் தள்ளி வைங்க, மொதல்ல காசு பேசுவோம். எர்லி டெசிஷன்னா ஒரே ஒரு காலேஜுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ணி, கெடச்சா அங்கதான் சேருவோம்னு கையெழுத்து போட்டுக் குடுக்கற விஷயம், பொண்ணு, பெத்தவங்க, ஸ்கூல் கவுன்சிலர் மூணு பேரும் போடணும், சீட் குடுத்துட்டா மத்த அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிட்டு அங்கயே சேரணும். குடுக்கற எய்டு பத்தலைன்னா வெளிய வரலாம்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா நீங்க எய்டே கேக்கலைன்னா அந்த வழி உங்களுக்கு இல்ல. கார்னகி மெலன்ல தங்கற செலவும் சேத்து வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல ஆகும், உங்க நியூ ஜெர்சி அரசு யூனிவர்சிட்டியான ரட்கர்ஸ்ல உள்ளூர் பசங்களுக்கு அதுல பாதிகூட ஆகாது. நாலு வருஷம் இதக் கட்டிட்டு தம்பிக்கும் மிச்சம் இருக்குமான்னு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் உக்காந்து கணக்கு போடுங்க, உங்க குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும்னு காட்டற நெட் பிரைஸ் கால்குலேட்டர் எல்லா காலேஜ் சைட்லயும் இருக்கு, அதுல உண்மையான நம்பர போட்டுப் பாருங்க. வேற காலேஜ் என்ன ஸ்காலர்ஷிப் தருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு மனசுல லேசா தோணினாலும் எர்லி டெசிஷன் உங்களுக்கு வேணாம்.

சான்ஸ் ஜாஸ்திங்கறது பொய் இல்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. ஸ்போர்ட்ஸ்க்காக கோச் ஏற்கனவே எடுத்து வச்ச பசங்க பெரும்பாலும் இந்த ரவுண்டுலதான் வருவாங்க, அதனால பெர்சன்டேஜ் பளபளன்னு தெரியும். காலேஜ் பேரோட காமன் டேட்டா செட்னு (காலேஜே வெளியிடற புள்ளிவிவரம்) தேடி சி21ங்கற பகுதியப் பாருங்க, எத்தன பேர் எர்லி டெசிஷன் போட்டாங்க, எத்தன பேருக்குக் கெடச்சுதுன்னு இருக்கும். ஆனா அது மொத்த யூனிவர்சிட்டி கணக்கு, சிஎஸ்க்கு (கம்ப்யூட்டர் சயின்ஸ்) தனியா தெரியாது, சிஎஸ்ல கூட்டம் வேற லெவல்.

ஸ்டான்ஃபோர்டு கத வேற. அங்க ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன், கெடச்சா சேரணும்னு கட்டாயம் இல்ல, மே 1 வரைக்கும் யோசிக்கலாம், ஆனா அதப் போட்டா கார்னகி மெலன்லயோ கார்னெல்லயோ எர்லி போட முடியாது. கட்டுப்படுத்தாத எர்லி இருக்கற அரசு யூனிவர்சிட்டிங்கள்ல போடலாம்.

என் யோசனைய கேட்டா, காசு ஒத்து வந்துச்சுன்னா கார்னகி மெலன் எர்லி டெசிஷன். மூணுலயும் சீட் கெடச்சா எங்க போவன்னு பொண்ணத் தனியா உக்கார வச்சு கேளுங்க (அப்பா பக்கத்துல இருக்க வேணாம்!), அவ யோசிக்காம கார்னகி மெலன்னு சொன்னா சரி. தயங்கினா யாருக்கும் கையெழுத்து போடாதீங்க, அப்போ ஸ்டான்ஃபோர்டு தாராளமா போடலாம், அந்த எர்லியால பெரிய சலுகை இருக்கும்னு மட்டும் நம்பாதீங்க. வெறும் சான்ஸ்க்காக கார்னெல்ல போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அவ ஆசப்படாத எடத்துக்கு அவள எதுக்குக் கட்டிப்போடணும்?

எத எடுத்தாலும் ரட்கர்ஸ், பர்டியூ, மேரிலாண்ட், இல்லினாய் அர்பானா இதெல்லாம் நவம்பர் 1க்குள்ள, சேரணும்னு கட்டாயம் இல்லாத எர்லி ஆக்‌ஷன்ல போயிடணும். அதுலயும் இல்லினாய்ல வேற மேஜர்ல சேந்துட்டு அப்புறம் சிஎஸ்க்கு மாறிக்கலாம்னு நெனைக்காதீங்க, நடக்காதுன்னே வச்சுக்கோங்க.

ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெலன், கார்னெல் மூணுலயும் எர்லி ரிசல்ட் டிசம்பர் நடுவுல வரும், ரெகுலர் (எர்லி இல்லாத சாதாரண ரவுண்டு) கடைசி தேதி பல எடத்துல ஜனவரி மொத வாரம். ரெண்டு வாரத்துல, அதுவும் இல்லன்னு பதில் வந்த மனசோட, பத்து கட்டுரை எழுத எந்தக் கொழந்தையாலயும் முடியாது, அதனால கார்னெல் கட்டுரையெல்லாம் நவம்பர்லயே எழுதி வச்சிடச் சொல்லுங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட் மாதிரி சில எடத்துல ஜனவரில ரெண்டாவது எர்லி டெசிஷன் உண்டு, அதுக்கும் இதே காசுக் கணக்குதான்.