டோஹ் என்னும் சிறு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாத ஐரோப்பியச் சொற்களின் பட்டியல் ஒன்றை அண்மையில் படித்தேன். போர்ச்சுகீசியரின் ‘சௌதாதே’ (இழந்ததை எண்ணி ஏங்கும் உணர்வு), டேனிஷ்காரர்களின் ‘ஹூகே’ (நெருங்கியவர்களோடு இருக்கும் இதமான நிம்மதி), ஜெர்மானியரின் ‘ஷாடன்ஃபிராய்ட’ ஆகியவை அதில் இருந்தன. ஓர் உணர்வுக்கு ஒரு மொழியில் சொல் இல்லையென்றால், அம்மொழி பேசுவோருக்கு அந்த உணர்வே இல்லை என்று கொள்ளலாமா?

கே. ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள கே. ஆர்.,

கொள்ளலாகாது என்றே நினைக்கிறேன். ஷாடன்ஃபிராய்ட என்பது பிறர் படும் துன்பத்தைக் கண்டு உள்ளூர மகிழ்வது. ரிச்சர்ட் ட்ரெஞ்ச் என்னும் ஆங்கிலிக்கன் பாதிரியார், இத்தகைய இழிகுணத்துக்குப் பெயர் வைத்திருக்கும் மொழிகளும் உண்டே என்று 1850களில் வருந்தி எழுதியபோது, இச்சொல்லையும் இதே பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் எடுத்துக்காட்டினார். அதற்கு முன் எந்த ஆங்கிலேயரும் அடுத்த வீட்டுக்காரர் சேற்றில் வழுக்கி விழுந்தபோது சிரிக்கவில்லையா என்ன? சிரித்தார்கள், பின்னர் சொல்லையும் ஜெர்மனிடமே கடன் வாங்கிக்கொண்டார்கள். சௌதாதேயையும் ஹூகேயையும் இரண்டு வரியில் விளக்கிவிட முடியும் என்பதால், அவற்றை மொழிபெயர்க்க முடியாதவை என்று கொண்டாடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

உண்மையிலேயே இடறுபவை, அத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத சிறு சொற்கள். ஜெர்மனியில் ஒரு நண்பர் வீட்டில் இரவு உணவின்போது, அவருடைய மனைவி என்னிடம் பசிக்கவில்லையா என்று கேட்டார். பசியில்லாததால், தமிழ்ப் பழக்கத்தில் ‘ஆமாம், பசியில்லை’ என்று எண்ணிக்கொண்டு, ‘யா’ என்று மட்டும் சொன்னேன். அவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, ‘டோஹ்?’ என்று திருப்பிக் கேட்டார். எதிர்மறையாகக் கேட்கப்பட்ட கேள்வியையோ, எதிர்மறையாகச் சொல்லப்பட்ட கூற்றையோ மறுத்து, ‘அப்படியல்ல, உண்டு’ என்று ஒரே அசையில் நிலைநாட்டும் சொல் அது. பிரெஞ்சில் இந்த வேலையை ‘சி’ செய்கிறது; டேனிஷில் ‘யோ’ செய்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இதற்கென்று தனிச்சொல் இல்லை.

வியப்பு என்னவென்றால், முன்பு இருந்தது. முற்கால ஆங்கிலத்தில் உடன்பாட்டுக் கேள்விக்கு ‘யே’ அல்லது ‘நே’ என்றும், எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்றும் விடையளிப்பது முறையாக இருந்தது. அதாவது இன்று எதற்கும் சொல்லப்படும் ‘யெஸ்’ அன்று டோஹ் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1532இல் கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர், பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேலுடன் நடத்திய கடுமையான சமயச் சண்டையின் நடுவே, யோவான் நற்செய்தியில் ஓரிடத்தில் ‘நே’ என்று வரவேண்டிய விடையை ‘நோ’ என்று எழுதிவிட்டதாக அவரைச் சாடினார். ஆனால் அந்த விதியை விளக்கப் புகுந்த மோரே அதைத் தலைகீழாக எழுதிவிட்டார் என்பதும், முன்னர் சொன்ன ட்ரெஞ்ச் உள்ளிட்ட அறிஞர்கள் நெடுங்காலம் அதைக் கவனிக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்த செய்திகள். விதியைக் காக்க வந்தவரே தடுமாறும் அளவுக்கு அந்த வேறுபாடு அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது போலும். அது மறைந்ததால், எதிர்த்து மறுக்கும் உணர்வை ஆங்கிலேயர் இழந்துவிடவில்லை; வினையைத் திரும்பச் சொல்லி, குரலில் அழுத்தம் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

தமிழிலும் டோஹுக்கு நேரான தனிச்சொல் இல்லை. ஆனால் ஏகாரம் இருக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதிப்பாடு. ‘நீ வரவில்லையே’ என்பவரிடம் ‘வந்தேனே’ என்று சொல்லும்போது, ஒரு தனிச்சொல்லின் வேலையை ஒற்றை உயிரெழுத்து முடித்துவிடுகிறது. அன்றிரவு அதே வீட்டில், பெட்டியில் சாக்லேட் மிச்சம் இருக்கிறதா என்பது பற்றி இரண்டு குழந்தைகள் ‘நைன்’, ‘டோஹ்’, ‘நைன்’, ‘டோஹ்’ என்று மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பெயர்க்கச் சொன்னால் ‘இல்லை’, ‘இருக்கே’, ‘இல்லை’, ‘இருக்கே’ என்றுதான் பெயர்ப்பேன்.