கேளுங்கள், சொல்கிறோம்: மறைத்து வைத்த கொள்விலை வெளியே போனது எப்படி?

கேள்வி: புறக்கோட்டையில் மின்சாரப் பொருட்கள் மொத்த வியாபாரம். கண்டி, காலி, திருகோணமலையிலும் கிளைகள் உண்டு. கிளை முகாமையாளர்களுக்காக பவர் பிஐயில் (தரவை சார்ட்டாகவும் டேபிளாகவும் காட்டும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) ஒரு விற்பனை ரிப்போர்ட் செய்து லிங்க் அனுப்பினோம், கொள்விலை இருக்கிற பக்கத்தை மறைத்துவிட்டுத்தான். போன கிழமை கண்டி முகாமையாளர் எல்லாக் கிளைகளினதும் கொள்விலையை எக்செலில் எடுத்துக்கொண்டு வந்து, "எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைந்த கொமிஷன்?" என்று முதலாளியிடம் கேட்கிறார். யாருடைய பாஸ்வேர்டையாவது எடுத்துவிட்டாரா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பாவம், அவர் எதையும் திருடவில்லை, நீங்கள் கொடுத்ததைத்தான் எடுத்திருக்கிறார். லிங்க் அனுப்பும்போது வருகிற சின்னப் பெட்டியில், 'பெறுபவர் இந்தத் தரவை வைத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் அதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும், அவசரத்தில் யார் அதை வாசிக்கிறார்கள்? அதுதான் பில்ட் அனுமதி. அது கையில் இருந்தால் 'அனலைஸ் இன் எக்செல்' என்பதை அழுத்தினால் போதும், வெறும் பிவட் டேபிள் (தரவை வேண்டியபடி தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) ஒன்று திறக்கும், பக்கத்தில் பட்டியலாக உங்கள் டேபிள்கள் வந்து நிற்கும். அது உங்கள் ரிப்போர்ட்டோடு அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற முழு மொடலோடு, அதாவது எல்லா டேபிள்களும் சேர்ந்த தரவுத் தொகுப்போடு, இணைந்தது. கொள்விலையை இழுத்துப் போட்டு, கிளைப் பெயரையும் போட்டால் வேலை முடிந்தது. பக்கத்தை மறைத்தால் அந்த டேப் மட்டும்தான் கண்ணுக்குப் படாது, தரவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்றைக்கே செய்யவேண்டியது: மொடலின் அனுமதிப் பக்கத்துக்குப் போய், ஒவ்வொருவரிடமிருந்தும் பில்டை எடுத்துவிடுங்கள். பழைய லிங்கையும் நீக்குங்கள், அதன் வழியாகவும் அனுமதி போயிருக்கும். ரிப்போர்ட் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட்டைச் சுருக்கத் தரவு மட்டும் என்று வையுங்கள், அல்லது முழுதாக நிறுத்துங்கள். அடிப்படைத் தரவை, அதாவது மொத்தங்களுக்குப் பின்னால் இருக்கிற வரிகளை, எடுக்க விட்டால் எக்செலில் ஒரே தடவையில் 150,000 வரிகள் வரை இறக்கலாம், உங்கள் வியாபாரத்துக்கு அது அனேகமாக எல்லாமே! பார்ப்பவர்கள் சார்ட்டைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விற்பனை இருந்த இடத்தில் கொள்விலையைப் போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் இதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பில்ட் இல்லாமல் வாசிக்க மட்டும் அனுமதி கொடுப்பதைப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது என மைக்ரோசொஃப்ட்டே தன் ஆவணங்களில் எழுதி வைத்திருக்கிறது. வாசிக்கிற அனுமதி இருந்தாலே மொடலில் உள்ள தரவைத் தொடும் வழிகள் உண்டு. ஆகவே தடையை மொடலிலேயே போடவேண்டும்.

கிளை வாரியாகப் பிரிப்பது லேசான வேலை. முகாமையாளரின் மின்னஞ்சலும் கிளையும் உள்ள ஒரு சின்ன டேபிள் செய்து, பார்ப்பவரின் மின்னஞ்சலைத் தரும் 'யூசர் பிரின்சிபல் நேம்' ஃபங்ஷனோடு ஒப்பிடும் ஒரு ரோல் (யாருக்கு எந்த வரிகள் தெரியும் என்ற விதி) எழுதினால், கண்டிக்காரருக்குக் கண்டி வரிகள் மட்டும்தான் வரும், எக்செலில் திறந்தாலும் அப்படியே. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ரிப்போர்ட்டும் மொடலும் இருக்கிற வேர்க்ஸ்பேஸில் அவரை, மாற்றம் செய்யும் உரிமை உள்ள கொன்ட்ரிபியூட்டராகவோ மெம்பராகவோ சேர்த்திருந்தால் இந்த வடிகட்டல் அவருக்கு வேலை செய்யவே செய்யாது, வியூவராக (பார்வையாளராக) மட்டும் வையுங்கள்.

சரி, கொள்விலை? அது வரி அல்ல, கொலம், அதனால் மேலே சொன்ன ரோல் அதைத் தொடாது, தன் கிளைப் பொருட்களின் கொள்விலையை அவர் அப்போதும் பார்ப்பார். கொலத்தையே பூட்ட ஒப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது, டேபியூலர் எடிட்டர் போன்ற மென்பொருளால் செய்யலாம். உங்கள் அளவு வியாபாரத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கொள்விலையே இல்லாத இரண்டாவது மொடல் ஒன்று செய்து கிளைகளுக்கு அதைக் கொடுங்கள், கொள்விலை உள்ளது முதலாளிக்கும் கணக்காளருக்கும் மட்டும். பராமரிக்க இரண்டு இருக்கிறதே என்று ஐ.டி. தம்பி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கொமிஷன் கதை எங்கள் பகுதி அல்ல. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்றும் முதலாளி ஒருமுறை பார்க்கலாம்.

கேள்வி: எங்களிடம் பவர் பிஐ எல்லாம் இல்லை. எக்செல் பிவட்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி இலக்கம் உள்ள ஷீட்டை அழித்துவிட்டுத்தான் அனுப்புவோம். போதும்தானே?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: போதாது. அனுப்பிய ஃபைலைத் திறந்து, பிவட்டின் மொத்தத் தொகையில் இரண்டு தரம் கிளிக் செய்து பாருங்கள். புது ஷீட் ஒன்று திறந்து, நீங்கள் அழித்த வரிகள் பெயரும் இலக்கமுமாக வந்து நிற்கும், ஏனென்றால் பிவட் தனக்கென்று ஒரு பிரதியை ஃபைலுக்குள் வைத்திருக்கிறது. விவரம் காட்டும் வசதியை ஒப்ஷன்ஸில் நிறுத்தலாம்தான், பெறுபவர் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம்? பிவட்டைக் கொப்பி செய்து, புது ஃபைலில் வேல்யூவாக மட்டும் ஒட்டி அனுப்புங்கள், அல்லது பிடிஎஃப்.

வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம் என்பதையும் மேலதிகாரியின் காதில் போட்டு வையுங்கள். ஏற்கெனவே அனுப்பிய ஃபைல்களைத் திருப்பி எடுக்க வழியில்லை. யார் யாருக்குப் போனது என்று 'சென்ட்' பெட்டியைப் பார்த்து, அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் போனவற்றையும் சேர்த்து.