கொரோனாவில் போன வாசனை எட்டு மாதமாக வரவில்லை. மூக்கு நரம்பு செத்துவிட்டால் திரும்ப முளைக்குமா?

முளைக்கும். ஆனால் உங்களுக்கு எப்போது என்று கேட்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, இட்லி மாவு அரைத்து விற்கிறவள். 'மாவுக்காரிக்கு நரம்பைப் பற்றி என்ன தெரியும்' என்று எழுத வருகிறவர்கள் முதலில் என் கதையைக் கேளுங்கள்.

எனக்குப் போனது 2021 ஜூனில். மாவு பொங்கியதைக் கண்ணே காட்டிவிடும். புளிப்பு பக்குவத்தில் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை எனக்கு மூக்குதான் சொல்லும். தூக்கைத் திறந்து குனிந்தால் முகத்தில் ஈரக் குளிர்ச்சி மட்டும் பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நாக்கும் அப்போது செத்துத்தான் கிடந்தது. ஒரு சனிக்கிழமை கடுத்துப்போன மாவைப் பாக்கெட் போட்டு அனுப்பிவிட்டேன். பதினோரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது.

என் கொழுந்தனார் மருந்துக் கம்பெனி ரெப். "நரம்பு போனா போனதுதான் அண்ணி, தொழிலை மாத்துங்க" என்றார். அதே வாயால் அதற்கு முந்தைய மாதம் என்னிடம் ஐயாயிரம் கைமாற்று வாங்கியவர். இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, அது வேறு கதை.

அவர் சொன்னது தப்பு. மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவை. அடியில் அதற்கென்றே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கொரோனா கிருமி பெரும்பாலும் நரம்பை நேராகத் தாக்குவதில்லை, அதைத் தாங்கி நிற்கும் துணை செல்களைத்தான் தாக்குகிறது என்று 2020லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். போலந்தில் கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்ட தாரெக் ஃபிதிகா என்பவருக்கு, அவருடைய வாசனை நரம்பு மண்டலத்திலிருந்தே நரம்பைப் போர்த்தி நிற்கும் ஒருவகை உறை செல்களை எடுத்து வளர்த்து, 2012இல் முதுகில் வைத்தார்கள். பிடிமானத்தோடு நடந்தார். ஒரே ஆளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள். நரம்பை வளரவிடும் சரக்கு மூக்குப் பக்கம் இருக்கிறது என்று நம்பித்தானே அங்கே கை வைத்தார்கள்?

முளைப்பது மட்டும் போதாது. வாசனையை வாங்கிக்கொள்ளும் நரம்பு செல்களில் மனிதருக்குச் சுமார் 400 வகை. புது நரம்பு ஒவ்வொன்றும் மூளையில் தன் வகைக்குரிய இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். இடம் மாறினால் வாசனையும் மாறும் என்கிறார்கள். ஐந்தாவது மாதம் எனக்கு வெங்காயம் தாளித்தால் சாக்கடை நாற்றம் அடித்தது, காப்பியில் ரப்பர் கருகிய வாடை. ஒரு வாரம் அழுதேன். அப்புறம்தான் தெரிந்தது, அது திரும்பி வருவதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம் என்று.

ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ஹும்மெல் என்ற டாக்டர் குழுவினர் 2009இல் வெளியிட்ட பயிற்சியைத்தான் செய்தேன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் மோந்து பார்க்க வேண்டும். அவர்கள் செய்தது 12 வாரம், நான் ஒரு வருஷம். முதலில் வந்தது கிராம்பு. அதனால்தான் வந்ததா, தானாக வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. செலவில்லாத வேலை, செய்து பாருங்கள். ஈ.என்.டி. டாக்டர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

எனக்கு மாவுப் புளிப்பு வந்துவிட்டது. வெந்தயம் மட்டும் இன்னும் வரவில்லை. மகள்தான் மோந்து சொல்கிறாள்.